ஆர்.ஆர்.எஸ்.பி. பருவ நிறைவு: ஒரு நன்றியுரை

எங்கள் விழாக்களில் நன்றியுரையை யாரும் இருந்து கேட்பதில்லை. மைக்கைப் பிடித்ததுமே கதிரைகள் இழுபடும், கூட்டம் சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விடும். ஆகவே உண்மை பேசுவதற்குப் பாதுகாப்பான இடம் இதுதான். ஆண்டு பிறந்து 60 நாள் நடக்கும் ஆர்.ஆர்.எஸ்.பி. பெருவிழா இனிதே முடிந்ததை ஒட்டி, ஒத்தாசை புரிந்த அனைவருக்கும் நன்றி சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி ஒட்டாவாவில் இருக்கும் கனடா அரசுக்கு. 1957இல் ஓய்வுகாலச் சேமிப்புக்கென்று ஆர்.ஆர்.எஸ்.பி. தந்தீர்கள். 2009இல் வரியில்லாச் சேமிப்புக்கென்று ரி.எஃப்.எஸ்.ஏ. தந்தீர்கள். 2023இல் முதல் வீடு வாங்குவோருக்கென்று எஃப்.எச்.எஸ்.ஏ. தந்தீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கு ஆர்.ஈ.எஸ்.பி. வேறு. ஒன்றில் போன வருஷ உழைப்பின் 18 சதவீதம் வரை போடலாம், ஒன்றில் 7,000 டொலர், ஒன்றில் 8,000, இன்னொன்றில் 2,500 போட்டால் 500 மானியம். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடும்போது வரி கழியும், எடுக்கும்போது பிடிபடும். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் வரி கட்டிய காசைப் போடலாம், எடுக்கும்போது ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். இத்தனையையும் படைத்த நீங்கள், யார் எதில் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் ஓர் ஆளை வைக்கவில்லை. அந்தப் புண்ணியத்தை வங்கிகளின் விற்பனையாளருக்கு விட்டுவிட்டீர்கள்.

புதிதாக வந்தவர்களையும் நீங்கள் கவனித்துக்கொள்கிறீர்கள். 2009இலிருந்து 2025 வரை ரி.எஃப்.எஸ்.ஏ.யில் காசு போடச் சேர்ந்த இடம் 102,000 டொலர் என்பது ஊரறிந்த கணக்கு. கனடாவில் வதிவாளரான ஆண்டிலிருந்துதான் அந்த இடம் சேரும் என்பது சின்ன எழுத்து. ஊரில் காணி விற்ற காசோடு போன வருஷம் வந்திறங்கியவருக்கு இரண்டு ஆண்டுக்கு 14,000 டொலர்தான் இடம். அவர் 50,000 கொண்டுபோய்க் கொடுத்தால் வங்கி வாங்கிக்கொள்ளும். எப்போது வந்தீர்கள் என்று கேட்காது. வரித் திணைக்களம் கேட்கும்: மிகையான 36,000 டொலருக்கு மாதம் 1 சதவீதம், அதாவது மாதா மாதம் 360 டொலர் தண்டம்.

வசதி படைத்தவர்களிடம் நீங்கள் காட்டிய தாராளமும் மறக்கக்கூடியதல்ல. 2015இல் ரி.எஃப்.எஸ்.ஏ.யின் ஆண்டு எல்லையை 10,000க்கு உயர்த்தினீர்கள். இதனால் 2080 அளவில் அரசின் வரவில் ஓட்டை விழுமே என்று கேட்டபோது, அதைப் பிரதமர் ஹார்ப்பரின் பேத்தி பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அன்றைய நிதியமைச்சர் ஜோ ஒலிவர். அடுத்த அரசு எல்லையை 5,500க்கு இறக்கியது. கோப்பிக் கடையில் இரவு வேலை பார்க்கும் பேத்திகளைப் பற்றி இரண்டு தரப்பும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நன்றி வங்கிகளுக்கு. ஸ்காபரோவில் ஒரு தொழிலாளி. வயது 55. நாற்பதில் வந்தவர், ஆண்டுச் சம்பளம் 32,000 டொலர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். “அண்ணை, ஆர்.ஆர்.எஸ்.பி. போடுங்கோ, வரி திரும்பி வரும். கையில காசு இல்லாட்டில் நாங்களே கடன் தாறம்” என்கிறது வங்கி. அந்தக் கடனின் வட்டியை வரியில் கழிக்க முடியாது என்பது பிறகு தெரியும். 3,000 போடுகிறார், சுமார் 600 திரும்பி வருகிறது. அண்ணைக்குச் சந்தோஷம்.

அறுபத்தைந்தில் அவருக்கு முதியோர் ஓய்வூதியம் முழுதாக வராது. அதற்கு இங்கே நாற்பது வருஷம் இருந்திருக்கவேண்டும். ஆகவே குறைந்த வருமான முதியோருக்கான ஜி.ஐ.எஸ். கொடுப்பனவுதான் அவருக்கு வாடகை, அரிசி, மருந்து. 71 வயதாகும் ஆண்டு முடிவதற்குள் ஆர்.ஆர்.எஸ்.பி.யை மாற்றியாகவேண்டும், அதன்பின் ஆண்டுதோறும் எடுத்தாகவேண்டும். எடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஜி.ஐ.எஸ்.இல் சுமார் 50 சதம் வெட்டு. 600 டொலரை வாங்கிக்கொண்டு 1,500 டொலரைத் திருப்பிக் கொடுக்கிறார். இதே காசு ரி.எஃப்.எஸ்.ஏ.யில் கிடந்திருந்தால் ஒரு சதமும் வெட்டுப்படாது.

இது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. புள்ளியியலாளர் ரிச்சர்ட் ஷில்லிங்டன் 2003இலேயே சி.டி. ஹவ் ஆய்வு நிறுவனத்துக்காக எழுதி வைத்தார். ரி.எஃப்.எஸ்.ஏ. வந்ததற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நடந்தது என்ன? பத்து இலட்சம் டொலரை ரி.எஃப்.எஸ்.ஏ.யில் வளர்த்த ஒருவர், வேறு வருமானம் காட்டாவிட்டால், அதிலிருந்து அள்ளி அள்ளி எடுத்தபடி ஏழைகளுக்கான ஜி.ஐ.எஸ்.ஐயும் சட்டப்படி வாங்கலாம். 40,000 டொலரை ஆர்.ஆர்.எஸ்.பி.யில் சிறுகச் சேர்த்த தொழிலாளிக்கு வெட்டு. இதைச் செய்தவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல் இருக்கிறது, சபையில் சொல்லமுடியாது.

கணக்கைத் திறந்தாயிற்று. உள்ளே வங்கி என்ன போட்டது? ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணம் பிடிக்கும் மியூச்சுவல் ஃபண்ட். இரண்டுதானே என்பார்கள். 100,000 டொலர் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்கிறது என்று வைப்போம். 2 சதவீதக் கட்டணத்தில் 30 வருஷத்தில் 324,000 ஆகும். கால் சதவீதத்துக்கும் குறைவாகக் கிடைக்கும் பங்குச்சந்தையில் வாங்கும் ஈ.ரி.எஃப். ஃபண்ட் ஒன்றில் 535,000 தாண்டும். நடுவில் காணாமற்போன 211,000 டொலருக்கு ஒரு பற்றுச்சீட்டும் கிடையாது. சந்தை விழுந்த வருஷத்திலும் கட்டணம் விழாது. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் ஒன்று, ரி.எஃப்.எஸ்.ஏ.யில் ஒன்று, ஆர்.ஈ.எஸ்.பி.யில் ஒன்று என்று பிரித்துப் போட்டிருக்கிறோம், ஆபத்தில்லை என்பார்கள். திறந்து பார்த்தால் மூன்றிலும் அதே கனேடிய வங்கிகளின் பங்குகள். வாடிக்கையாளரின் காசில் தங்கள் பங்கையே வாங்கி, அதற்குக் கட்டணமும் அறவிடும் திறமைக்குத் தனிப் பொன்னாடை.

மூன்றாவது நன்றி ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்ற பழமொழிக்கு இத்தனை பெரிய அலுவலகங்கள் இருக்கும் என்று முன்னோர் நினைத்திருக்கமாட்டார்கள். விற்பவருக்கு ஃபண்டிலிருந்தே தரகு போவதைப் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் 2013இல் நிறுத்தின. நீங்கள் 2017இல் கருத்துக் கேட்டீர்கள், 2018இல் வேண்டாம் என்றீர்கள். ஆறேழு வருஷத்துக்குள் காசை எடுத்தால் தண்டம் பிடிக்கும் கொடுமையை 2022 ஜூனில்தான் தடைசெய்தீர்கள். அதையும் முதலில் எதிர்த்தது ஒன்ராறியோ அரசு.

வாடிக்கையாளரின் நலனே முதலில் என்று 2021 இறுதியில் விதி கொண்டுவந்தீர்கள். வேறு நிறுவனங்களின் ஃபண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டி வருமே என்று மூன்று பெரிய வங்கிகள் அழகான வழி கண்டன: நிதித் திட்டமிடல் பிரிவுகளில் பிறர் ஃபண்டுகளையே விற்காமல் விட்டன. ஒப்பிட ஒன்றும் இல்லாத இடத்தில் தங்கள் சரக்கே உத்தமம். 2025இல் நீங்களே வங்கிக் கிளை விற்பனையாளர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தினீர்கள். வாடிக்கையாளரின் நலனுக்கு ஒவ்வாத சரக்கு சிலவேளையாவது பரிந்துரைக்கப்படுகிறது என்று நான்கில் ஒருவர் ஒப்புக்கொண்டார். அறிக்கை அச்சாகியது. அச்சுத் தரம் நன்று.

நான்காவது நன்றி நம்மவர்களுக்கு. கோயில் மண்டபத்தில் கண்டு, “மாமா, அந்த வங்கிக்காரன் உங்களை ஏமாத்திறான்” என்று உண்மையைச் சொல்லி, அதைவிடக் கட்டணம் கூடிய காப்புறுதி ஃபண்டில் அவரைப் போட்டுவிடும் தம்பிமாருக்கு. அந்நியர் எடுப்பதைத் தாய்மொழியில் எடுப்பதும் ஒரு மொழிப்பற்றுத்தான்.

கடைசியாக, விழாச் செலவு முழுவதையும் ஏற்ற புரவலர். மேடையில் அவருக்குக் கதிரை போடப்படவில்லை. ஐயா, அம்மா, புரவலருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. நிதி ஆலோசகரின் முன்னால் இருந்து மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷம் என்னிடமிருந்து எத்தனை டொலர் எடுத்தீர்கள்? சதவீதம் வேண்டாம், டொலரில் சொல்லுங்கள். இதே வேலையைக் கால் சதவீதத்துக்குச் செய்யும் ஃபண்ட் இருக்கும்போது எனக்கு ஏன் இதைத் தந்தீர்கள்? அறுபத்தைந்தில் என் ஜி.ஐ.எஸ்.க்கு என்ன ஆகும்? ஃபண்டின் கட்டணம் முழுவதும் டொலரில் எழுதிய அறிக்கை 2027இல் தானாகவே வீட்டுக்கு வரவிருக்கிறது. எழுபது வருஷம் பிந்திய கணக்கு அது. வரும்வரை காத்திருந்து இன்னொரு பெப்ரவரியையும் அவர்களுக்குத் தானம் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் எழும்பி, காசையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். மாற்றும் கட்டணம் என்று 150 டொலர் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். அவர்கள் உங்களிடம் எடுத்ததில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்து எடுத்த முதல் காசு அதுவாகத்தான் இருக்கும்.