சொல்லிக்கொள்ளாமல் போகும் கதவு

அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டுபவர், பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10 விமானத்தைக் கட்டும் புண்ணியவான்கள் ஆயிரக்கணக்கில் ரிவெட் அடித்துவிடுவார்கள். மல்லுக்கட்டு கதவில்தான். மேல்நோக்கித் திறக்கும் ஃபைபர்கிளாஸ் கதவு. கைப்பிடியைத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒவ்வொரு முளை சட்டத்துக்குள் போய் உட்கார வேண்டும். பின்முளை உட்காராவிட்டாலும் கதவு பரமசாதுவாகத் தெரியும். மேலே போனதும் வெளிக்காற்று அதை உறிஞ்சி இழுக்கும். கதவு தனியாகப் பறக்கும்.

சில கதவுகள் இப்படிப் போனபின் நிறுவனம் கூடுதலாக ஒரு கொக்கி கொடுத்தது. லட்சங்களில் டாலர் விழுங்கிய விமானத்துக்குக் கடைசியில் கொல்லைப்புறத் தாழ்ப்பாள்தான் காவல். அதையும் மறப்பவர்களுக்கு எச்சரிக்கை விளக்கு. அது எரிந்தால், "சென்சார் கோளாறாத்தான் இருக்கும்" என்று த்ராட்டிலைத் தள்ளுகிறவருக்கு எந்தக் கொக்கியை மாட்டுவது?