செஞ்சேத்துக்கு வந்த யோகம்

இன்னா பேராண்டி, ஏர்ப்பேடு ஐஐடியில கட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கப் போறியாமே! ரொம்ப சந்தோஷம் நைனா. நம்ம வம்சத்துல எல்லாரும் கட்டையை அடுப்புல வெச்சிக் கண்ணைக் கசக்கினதோட சரி. நீயாவது பாட்டில்ல பிடி.

நீ சொன்னது என் மரமண்டையில ஏறிச்சான்னு பாரு. கட்டையைத் தூளாக்கி, காத்து படாம 500 டிகிரி சூட்டுல வெச்சா எரியாது, ஆவியாகும். ஆவியைக் குளிரவெச்சா கறுப்பா எண்ணெய். ஆனா அதுல கால்வாசி தண்ணி. புளிச்சிக் கிடக்கும், இரும்பை அரிக்கும், வெச்சிருக்க வெச்சிருக்கக் கூழாகும். டீசல் தர்ற சூட்டுல பாதிகூட தேறாது. எல்லாம் கட்டைக்குள்ள இருக்கிற ஆக்சிஜன் பண்ற வேலை. அதைக் கழட்ட வினையூக்கி வேணும். வழக்கமா போடற ஜியோலைட்டு விலை கூடுதல், கரி படிஞ்சி சீக்கிரம் சோர்ந்தும் பூடும்.

அங்கதான் செஞ்சேறு வருது. பாக்சைட்டுல அலுமினா எடுத்த பிறகு மிஞ்சற காரச் சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு இது பெரும்பாலும் ஒரு டன்னுக்குக் குறையாது. 2010 அக்டோபர்ல ஹங்கேரி அய்க்காவில சேறு தேக்கின கரை உடைஞ்சி 10 பேர் உயிரைக் குடிச்சது இதேதான். இந்தச் சேத்துல இருக்கிற இரும்பு ஆக்சைடு, ஆவியில இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சி வாயுவா வெளியே அனுப்புது. புளிப்பு குறையுது, எண்ணெய் இளகுது. கரி படிஞ்சா எரிச்சிட்டுத் திரும்பப் போடலாம். ஊர்ப் போக்கிரியைத் திருவிழாவுக்குக் காவல் வெச்ச கதை! அமெரிக்காவில யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஃபாஸ்டர் அக்ப்ளேவர், மேய்ச்சல் நிலத்தை வளைச்சிக்கினு நின்ன பின்யன், ஜூனிப்பர் மரங்களை இப்படித்தான் எண்ணெயாக்கிக் காட்டினாரு.

சரி, உனக்குக் கட்டை? மாந்தோப்புப் பக்கம் பார்வையைத் திருப்பாதே. 2025ல தோத்தாபுரி மாங்காய் கிலோவுக்கு ஆலை 8 ரூபா, சர்க்கார் 4 ரூபான்னு பேசினப்பவே நம்ம ஆளுங்களுக்கு மரத்து மேல வெறுப்பு வந்துடுச்சி. நீ விறகுக்கு விலை சொன்னா கோடாலியோட கிளம்பிடுவாங்க. சேஷாசலம் மலையில செம்மரத்தைத் தொட்டியோ, ஆராய்ச்சியை ஜெயில்லதான் முடிப்பே. சீமைக் கருவேலத்தை எடு. 1877 வாக்கில வறண்ட காட்டுக்கு ஆகும்னு வெள்ளைக்காரன் ஜமைக்காவிலிருந்து விதை தருவிச்சி, பக்கத்துக் கடப்பா ஜில்லா கமலாபுரத்துல போட்டது. இன்னிக்கி ஏரியெல்லாம் அதும் பட்டா. முள்ளும் கிளையுமா அடைச்சா லாரி ரொம்பும், எடை ஏறாது. அதனால உலையை முள்ளுக்குப் பக்கத்துல வை. திரும்பத் திரும்பப் பயன்படற சேறு தூரத்திலிருந்து வந்தாலும் பரவாயில்ல.

ஆனா 'கழிவை ஒழிச்ச வீரன்'னு போர்டு மாட்டாதே. மலையா குவிஞ்ச சேத்துல உன் உலை தின்னறது ஒரு கைப்பிடி. தின்ன மிச்சத்தையும் எங்க வைப்பேன்னு இப்பவே யோசி. ராத்திரில டிராக்டர் வெச்சி ஏரியில கொட்டினா, நானே முதல் ஆளா கலெக்டருக்கு மனு எழுதுவேன்.

கடைசியா ஒண்ணு. அலுமினா ஆலையில சேறு கேட்கப் போறப்ப படிச்ச புத்தியைக் காட்டாதே. இரும்பு உலைக் கசடும் ஒரு காலத்துல குப்பைதான், சிமென்ட்டுக்காரன் கேட்ட அன்னிக்கே அதுக்கு விலை வந்துடுச்சி. 'வினையூக்கி'ன்னு உன் வாயிலிருந்து வந்தா டன்னுக்கு ரேட்டு போடுவாங்க. "சேத்தை அள்ளி இடத்தைக் காலி பண்றேன், கூலி எவ்ளோ குடுப்பீங்க?"ன்னு கேளு நைனா.