இல்லாத பணத்துக்கு அபராதம்

கேள்வி: பிரிட்டனில் வங்கி பிடித்த ஓவர்டிராஃப்ட் அபராதத்தைத் திரும்ப வாங்க முடியுமாமே, உண்மையா?

பதில்: கணக்கில் பத்து பவுண்டு குறைந்தால் முப்பது பவுண்டுக்கு மேல்கூடத் தீட்டிய காலம் அங்கே உண்டு. பணமில்லாதவரிடம் பணமில்லாததற்கே பணம் கேட்கும் சாமர்த்தியம்! அந்த அபராதமே கணக்கை மேலும் பள்ளத்தில் தள்ளும், அதற்கும் அபராதம். லட்சக்கணக்கானோர் முறையிட்டார்கள். பல வங்கிகள் கோர்ட் படியேறாமல் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தன.

இந்த அபராதம் நியாயமா என்று 2007-ல் வழக்கு வந்தது. கீழ்க்கோர்ட்டுகளில் பின்தங்கிய வங்கிகள், 2009 நவம்பர் 25-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தன. அபராதமும் சேவைக்கான விலையில் ஒரு பகுதிதானாம்! அதோடு மொத்தமாகத் திரும்ப வாங்குவது நின்றது.

ஆனாலும் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் திண்டாடுபவருக்கு வழி இருக்கிறது. வரவு செலவுக் கணக்கோடு, எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று வங்கிக்கு எழுதிக் கேட்கலாம். 8 வாரத்தில் பதில் இல்லையென்றால் நிதி ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் கிடையாது. (கமிஷனுக்கு வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களும் இதே கடிதத்தைத்தான் எழுதுவார்கள்.)

2020 ஏப்ரலில் ஓவர்டிராஃப்டுக்கு நிலையான கட்டணம் வசூலிக்கவே தடை வந்தது. வட்டி மட்டும் வாங்கலாம். பல வங்கிகள் அதை 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின!