உறைந்த திரையும் ஒரு டீயும்

இப்போதெல்லாம் திரை உறைவதே இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. 2003-ல், டாட்நெட் 1.1 வந்த புதிதில், ஒரு ஜவுளிக்கடைக்கு நான் எழுதிக்கொடுத்த பில்லிங் ப்ரோகிராமில் ஸ்டாக் ரிப்போர்ட்டை அழுத்தினால், ஐந்து விநாடி வாய்திறக்காத ஜன்னலுக்கு விண்டோஸ் சூட்டுகிற ‘நாட் ரெஸ்பாண்டிங்’ பட்டம் தலைப்பில் ஏறும், திரை சுண்ணாம்பு அடித்த சுவராய் வெளுக்கும், பில் போடும் அண்ணாச்சி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். உங்கள் ஆபீசிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

அந்த வயதுக்கே உரிய மேதாவித்தனத்தோடு, ரிப்போர்ட்டைத் தனி த்ரெட்டில் ஓடவிட்டு, ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்ற குட்டி ஜன்னலையும் அங்கிருந்தே காட்டினேன். மெசேஜ் லூப் இல்லாத த்ரெட்டில் பிறந்த ஜன்னலுக்குத் தன்னை வரைந்துகொள்ளத் தெரியாது. சட்டம் தெரிந்தது, எழுத்தைக் காணோம். த்ரெட் முடிந்ததும் அதுவும் கூடவே போய்ச் சேர்ந்தது.

சரி, மெயின் ஜன்னலின் லேபிளையே பின்னணியிலிருந்து மாற்றுவோம் என்றால், என் மேஜையில் சமர்த்தாக ஓடியது, கடையில் கூட்டம் நெரியும் நாளாகப் பார்த்துத் தொங்கியது. 2005-ல் வந்த டாட்நெட் 2.0, ‘உருவாக்கிய த்ரெட் தவிர வேறெதுவும் தொடக்கூடாது’ என்று டீபக்கரிலேயே எக்ஸப்ஷன் வீசிக் கண்டித்தபோது, நானோ செக்ஃபார்இல்லீகல்க்ராஸ்த்ரெட்கால்ஸ் என்ற நீளப்பெயர்க்காரனை ஃபால்ஸ் ஆக்கினேன்: குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புத்தி வந்தது ஒரு கோயில் வரிசையில்தான். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டுமே, ஜன்னலுக்குள் அதை உருவாக்கிய த்ரெட் மட்டுமே. நாம் தட்டை வாசலில் கொடுக்கிறோம், அவர் முறைப்படி உள்ளே வைக்கிறார். தட்டு திரும்பி வரும்வரை நின்றால் இன்வோக், கொடுத்துவிட்டுப் பிரகாரம் சுற்றப் போனால் பிகின்இன்வோக். அர்ச்சகரே ‘நீ வந்தால்தான் பூஜை’ என்று எனக்காகக் காத்திருக்க, நான் தட்டுக்காக அவரைப் பார்த்து நின்றால் டெட்லாக். அதையும் இரண்டு முறை அரங்கேற்றியிருக்கிறேன்.

2012-ல் சி ஷார்ப் 5 அவெயிட் என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டுவந்தது. தட்டைக் கொடுத்தவன் பிரகாரத்தைச் சுற்றிவிட்டுத் தானாகவே சந்நிதிக்கு வந்து நிற்கிறான். இன்றைய பிள்ளைகள் அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நான் பட்ட பாட்டைச் சொன்னால் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள்.

போன வருஷம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ரிப்போர்ட் பின்னணியில் ஓட, அண்ணாச்சி நிமிராமல் பில் போட்டுக்கொண்டிருந்தார். “எந்திரிக்கவே விட மாட்டேங்குதே தம்பி” என்றார். கீபோர்டுக்குப் பக்கத்தில் பையன் வைத்துவிட்டுப் போன டீயில் ஆடை படிந்திருந்தது.