குண்டும் ஒல்லியுமான ஓர் எழுத்து

கேள்வி: ஒரே எழுத்து குண்டாகவும் ஒல்லியாகவும் இருக்க முடியுமா?

பதில்: முடியும். இம்பேக்ட் எழுத்துரு அப்படிப்பட்டதுதான். கோடுகள் பருமன், அகலமோ குறுகல். கோடு தடித்ததால் எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் மெல்லிய கீற்றாகிவிடுகிறது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் உடல் உயரமாகவும், மேலும் கீழும் நீளும் கால்கள் குட்டையாகவும் அமைந்திருக்கின்றன. கொடுத்த இடத்தில் முடிந்த அளவு மையை நிரப்புவதுதான் நோக்கம். அதனால்தான் பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிறது.

கேள்வி: இது கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைதானே?

பதில்: இல்லை, ஈயம் பெற்ற பிள்ளை. விளம்பரத் துறையைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ வடிவமைத்த இதை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் 1965-இல் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. குறுகிய தடித்த எழுத்துக்கு அப்போது நல்ல கிராக்கி. ஃபிரெட் லாம்பர்ட்டின் காம்பாக்டா எழுத்துரு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1963-இல், லெட்ராசெட் ஒட்டெழுத்தாக வந்திருந்தது.

கேள்வி: எழுத்தை ஏன் இப்படி நெருக்க வேண்டும்? காகிதப் பஞ்சமா?

பதில்: பஞ்சம் அகலத்துக்குத்தான். பத்திரிகைப் பத்தியின் அகலத்தை நினைத்தபடி நீட்ட முடியாது. நீளமான சொல்லை அதற்குள் அடக்க இரண்டே வழி: எழுத்தைச் சிறிதாக்குவது, அல்லது உயரத்தைக் குறைக்காமல் ஒடுக்குவது. முதல் வழியில் தலைப்பின் குரல் அடங்கிப்போகும். 19-ஆம் நூற்றாண்டிலேயே சுவரொட்டி அச்சகங்கள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827-இல் மர எழுத்துகளை இயந்திரத்தில் கடைந்து தரத் தொடங்கியதும், ஆள் உயரச் சுவரொட்டிக்கும் தோதான பெரிய குறுகல் எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன.

கேள்வி: மீம் போடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசிவைத்தா இம்பேக்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: தேடிப் போக வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. 1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென இலவசமாக வழங்கிய எழுத்துருத் தொகுப்பில் இம்பேக்ட்டும் இருந்தது. பின்னர் விண்டோஸோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளை எழுத்தும் கறுப்பு விளிம்புமாகப் போட்டால் எந்தப் படத்தின் மேலும் படிக்கலாம். விளிம்பு கட்டிய பிறகும் உள்ளே வெள்ளை மிஞ்சும் அளவுக்குக் கோடு தடிமனாக இருப்பது இதற்குள்ள வசதி.

கேள்வி: தமிழை இப்படி ஒடுக்கினால் என்ன?

பதில்: ஒடுக்கலாம், ஆனால் கம்ப்யூட்டரில் பக்கவாட்டில் அமுக்குவது போதாது. நெடுங்கோடு மெலியும், கிடைக்கோடு மட்டும் தடித்தே நிற்கும். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் மை அடைத்துக்கொண்டு ஒன்றுபோல் தெரியும். ‘ணை’ போன்ற அகலமான எழுத்துகள் வேறு இருக்கின்றன. மேலே ‘கீ’யின் கொக்கி, கீழே ‘ழ’வின் வால், ‘பூ’வின் சுழி இவற்றுக்கெல்லாம் இடம் விட்டாக வேண்டும் என்பதால் உடலை உயர்த்தும் இம்பேக்ட் உத்தி இங்கே அப்படியே செல்லாது. ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைவதே நேர்வழி. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய ‘பாலூ தம்பி’ எழுத்துரு குறுகல் ரகம் அல்ல. ஆனால் தடித்த தமிழ் எழுத்தும் துள்ளலாக இருக்க முடியும் என்று காட்டியிருக்கிறது.

கேள்வி: திருமண அழைப்பிதழ் முழுவதையும் இப்படிக் குறுகித் தடித்த எழுத்திலேயே அச்சிடலாமா?

பதில்: வேண்டாம். நான்கைந்து சொற்களுக்குப் பெரிய அளவில் மட்டுமே பயன்படுத்துங்கள். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் முகவரியையும் சாதாரண எழுத்திலேயே கொடுங்கள்.