டூல் குழுவின் ஐந்தாம் ஆல்பம் வாராக் காலம்: திணை நோக்கில் ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை 2006 மே 2 முதல் 2019 ஆகஸ்ட் 30 வரை. முதல் தேதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து டூல் குழு, ‘டென் தௌசண்ட் டேஸ்’ என்ற தன் நான்காம் ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. இரண்டாம் தேதியில் ஐந்தாவதான ‘ஃபியர் இனாக்யுலம்’ வந்து சேர்ந்தது. இடைப்பட்டவை 4,868 நாட்கள். பத்தாயிரம் நாள் என்று பெயரிலேயே எச்சரித்துவிட்டு, அதில் பாதிகூடக் காக்க வைக்காத ஒரு குழுவைத் தாமதக்காரர்கள் என்று ஏசுவது தகுமா? தகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதை நிறுவச் சற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

முந்தைய ஆய்வுகளும் அவற்றின் போதாமையும்

இப்பொருள் பற்றி முன்பு பேசியவர்கள் மூன்று கட்சியினர். வழக்குக் கட்சியினர், குழுவின் ஓவிய வேலைக்கு உரிமை கோரி 2007இல் ஒருவர் வழக்குப் போட்டதையும், காப்பீட்டு நிறுவனம் குழுவின் மீதே இன்னொரு வழக்குப் போட்டதையும், குழு பதில் வழக்கில் இறங்கியதையும், எல்லாம் ஓய 2015 ஆனதையும் காட்டுவர். ஸ்கூட்டர்க் கட்சி சிறியது. உறுப்பினர் இருவர் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டு ஒத்திகை நின்றதோடு அவர்கள் வாதமும் நின்றுவிடுகிறது.

மூன்றாவது திராட்சைக் கட்சி. பெரும்பான்மை ரசிகர்கள் இதைச் சேர்ந்தவர்கள். பாடகர் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் அரிசோனா மாநிலத்து ஜெரோம் என்னும் மலையூரில் ஒயின் தயாரிக்கிறார். பொழுதுபோக்காக அல்ல, முழு மூச்சாக. அதைப் பற்றி 2010இல் ஆவணப்படமே வந்துவிட்டது. கொடிக்குத் தண்ணீர் விட நேரமிருக்கும் மனிதருக்குப் பாட நேரமில்லையா என்பது இக்கட்சியின் ஒரே கேள்வி.

கேள்வி நியாயமாகத் தோன்றும்; குழு வேலை செய்யும் முறை தெரியாதவரைக்கும். கிதார் வாசிக்கும் ஆடம் ஜோன்ஸ், பேஸ் வாசிக்கும் ஜஸ்டின் சான்சலர், டிரம்ஸ் வாசிக்கும் டேனி கேரி ஆகிய மூவரும் மணிக்கணக்கில் கூடி வாசித்து, பதிவு செய்து, கேட்டு, பிரித்து, மறுபடி கோப்பார்கள். பாட்டின் எலும்புக்கூடு முழுதாக நின்ற பிறகுதான் கீனன் சொற்களோடு வருவார். மூவருக்கும் திருப்தி வருவதற்குள் எத்தனை அறுவடை முடியுமோ, அத்தனையும் அவர் செய்துகொள்ள வேண்டியதுதான். சோறு வேகாததற்குப் பரிமாறுகிறவரைத் திட்டிப் பயனில்லை.

முல்லை

ஆகவே காரணத்தை விட்டுக் காத்திருத்தலையே ஆராய்வோம். இருத்தலை முல்லைக்கு உரிப்பொருளாக வகுத்தது தொல்காப்பியம். தலைவன் போருக்குப் போவான். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போவான். மழை வந்துவிடும், அவன் வந்திருக்க மாட்டான். அப்போது தோழி, இது கார்காலம் அல்ல, பருவம் தப்பிய மழை என்று தலைவியைத் தேற்றுவாள்.

டூல் ரசிகர் கூட்டத்தில் இப்படியொரு தோழி எப்போதும் இருந்தாள். அவள் சொன்னதற்கு ஆதாரமும் வலுவாக இருந்தது. தொடக்க காலத்தில் இக்குழு லாக்ரிமாலஜி என்ற அழுகைத் தத்துவத்தைத் தன் மூலநெறியாகச் சொல்லிக்கொண்டது. அதற்கு மூலநூல் ஒன்றையும் காட்டியது. ரசிகர்கள் பழைய புத்தகக் கடைகளில் தேடினார்கள். அப்படி ஒரு நூலே கிடையாது. (போலி ஆய்வில் குழு நமக்கு மூத்தது என்பதை மரியாதையுடன் குறித்துக்கொள்கிறோம்.) 2001 ஜனவரியில் ‘சிஸ்டமா என்செஃபால்’ என்ற புது ஆல்பத்தை, 12 பாடல் தலைப்புகளோடு அறிவித்தார்கள். ஒரு மாதம் கழித்து, அது இணையத்தில் பாட்டுத் திருடுவோரை ஏய்க்கச் சொன்ன பொய், உண்மைப் பெயர் ‘லேட்டரலஸ்’ என்றார்கள். 2005 ஏப்ரல் முதல் தேதி, கீனன் இயேசுவைக் கண்டடைந்துவிட்டார், இனி பதிவு இல்லை என்று செய்தி வந்தது. எம்டிவியின் கர்ட் லோடர் மின்னஞ்சலில் கேட்டதற்கும் ஆமாம் என்றே பதில். ஒரு வாரத்தில் சாயம் வெளுத்தது.

இத்தகைய தலைவனிடமிருந்து வரும் தேதியைத் தோழி நம்பாதது குற்றமல்ல. போதாக்குறைக்கு, இவர்கள் எண்ணும் முறையே வேறு. ‘ஸ்கிஸம்’ என்ற ஒரே பாட்டில் தாளம் 47 முறை மாறுகிறது என்று கணக்கிட்டவர்கள் உண்டு. அதன் தாளம் என்ன என்று கேட்டால், எட்டுக்கு ஆறரை என்று குழுவினரே விளையாட்டாகச் சொன்னார்கள். ஆறரையில் எண்ணுகிறவர்களின் ஆண்டுக்கு எத்தனை மாதம் என்பது ஆராயப்பட வேண்டியது.

இனி விரிச்சி. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் நின்று, யாரோ யாரிடமோ சொல்லும் சொல்லை நற்சகுனமாகக் கேட்டு வருவார்கள். இங்கே விரிச்சி தந்தவர் பெரும்பாலும் டேனி கேரி. டிரம்ஸ் பற்றிப் பேச வந்த பேட்டியில், போகிற போக்கில் ஒரு வாக்கியம் விழும். ரசிகர் அதைப் பொறுக்கி வைத்துக்கொள்வர். 2019 தொடக்கத்தில் அவர் வாயிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி என்று விழுந்தது. கீனன் திருத்தினார்: மே நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள். கடைசியில் மே 7 அன்று, அலபாமாவின் பர்மிங்காம் நகரில் நடந்த கச்சேரியில், திரையில் ஆகஸ்ட் 30 என்ற தேதி தோன்றியது. கார்காலம் சொன்னவன் கூதிரில் வந்தான். வந்தானே.

மருதம்

ஊடலுக்குக் காரணம் பரத்தையிற் பிரிவு. கீனனுக்கு ‘எ பெர்ஃபெக்ட் சர்க்கிள்’, ‘பஸ்சிஃபர்’ என்று வேறு இரண்டு குழுக்கள் உண்டு. முன்னது 2018 ஏப்ரலில் ஒரு முழு ஆல்பமே வெளியிட்டது. டூல் ரசிகர் அதை வாங்கினார், கேட்டார், சிலர் உள்ளூர ரசிக்கவும் செய்தார். வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருதத்தில் தலைவனுக்காகப் பரிந்து பேச வாயிலாக வருபவன் பாணன். இங்கே அந்த வேலையை இசைப் பத்திரிகையாளர்கள் செய்தார்கள். ‘டிரம்ஸ் பதிவு முடிந்ததாம்’ என்று அவர்கள் வந்து நிற்கும்போதெல்லாம் வாயில் மறுக்கப்பட்டது. பாணன் பொய்யன் என்பது தமிழ் மரபு, அதில் மாற்றமில்லை.

குறிஞ்சி

79 நிமிடம்.

நெய்தல்

ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரே வாரம் கொலுவிருந்த டெய்லர் ஸ்விஃப்டின் ‘லவர்’ இறங்கியது. 10 நிமிடம் 20 நொடி நீளும் தலைப்புப் பாடல், பில்போர்டின் நூறு பாடல்களில் 93ஆம் இடத்தில் நுழைந்து, அப்பட்டியல் அன்றுவரை கண்ட மிக நீளமான பாட்டு ஆனது. அதுவரை அந்தப் பெருமை டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டார்’ பாடலுக்கு இருந்தது. சீடியோடு நான்கு அங்குலத் திரையும் ஒலிபெருக்கியும் சார்ஜ் ஏற்றும் ஒயரும் வந்தன. சீடி வாங்குவதே அருகிப்போன ஆண்டில், சீடி உறைக்குச் சார்ஜ் போட்டுக் காத்திருந்த ஒரு சமூகம் இருந்தது என்பதை வருங்கால மானிடவியலார் நம்ப மறுக்கக்கூடும்.

ஆயினும் மறுநாளே இரங்கல் தொடங்கியது. பாட்டில் குறை இருந்தது என்பதல்ல. எனக்கு அதில் ‘ப்னூமா’ ஒன்றே 13 ஆண்டுக்கு ஈடு. இழந்தது வேறு. காத்திருந்த காலத்தில் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு ஐந்தாம் ஆல்பம் வைத்திருந்தார்கள். அவை அத்தனையும் ஒரே வெள்ளிக்கிழமையில் காலாவதியாயின. வேறு வழியின்றி அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். சீடியில் ஏழு பாட்டு. கடைசிப் பாட்டின் பெயரிலேயே முதல் எழுத்துக்குப் பதில் 7. குழு எழுதி வைத்த மெட்டுகளில் ஏழு திரும்பத் திரும்ப வருகிறது என்று ஜோன்ஸும் சொல்லிவிட்டார். அத்தோடு நெய்தல் ஓய்ந்து கணிதம் தொடங்கிற்று.

எண்ணியல்

கணிதம் இவர்களுக்குப் புதிதல்ல. ‘லேட்டரலஸ்’ பாட்டின் தொடக்க வரிகளில் அசைகளை எண்ணினால் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, 5, 3 என்று இறங்கும். முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை அடுத்த எண், ஃபிபனாச்சி வரிசை. (இதில் நாம் சற்று நெஞ்சு நிமிர்த்தலாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்று வைத்து, குறித்த மாத்திரைக்குள் எத்தனை விதமாக அடி அமைக்கலாம் என்று எண்ணிப்பார்த்த ஹேமசந்திரர் போன்ற இந்திய யாப்பு அறிஞர்கள், 1202இல் நூல் எழுதிய இத்தாலியருக்கு முன்பே இதே வரிசைக்கு வந்திருந்தார்கள். அசையில் பிறந்தது அசைக்கே திரும்பியிருக்கிறது.) அப்பாட்டில் கீனன் வாய் திறப்பது 1 நிமிடம் 37ஆம் நொடியில், நிமிடத்தில் சொன்னால் 1.617, பொன்விகிதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு என்பது ரசிகர் கணக்கு. அடுத்த ஆல்பத்தில் 6:11, 5:02 நீளமுள்ள இரு பாட்டுகளை அடுத்தடுத்து ஓடவிட்டால் 11:13 நீளமுள்ள மூன்றாவதன் மேல் அச்சாகப் பொருந்துகின்றன என்றும் கண்டார்கள். வேலையற்றவர்கள் என்று சிரிக்கலாம். கூட்டிப் பாருங்கள், சரியாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு எண்ணியவர்கள் தங்கள் காத்திருப்பை எண்ண மறந்ததுதான் வியப்பு. முதல் ஆல்பம் 1993, இரண்டாவது 1996: இடைவெளி 3. அடுத்தது 2001: இடைவெளி 5. அடுத்தது 2006: மீண்டும் 5. அடுத்தது 2019: இடைவெளி 13. நான்கும் ஃபிபனாச்சி எண்கள். வரிசைப்படி 3, 5, 8, 13 என்று இருந்திருக்க வேண்டும். எட்டு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்திருக்கிறது. அதாவது ‘டென் தௌசண்ட் டேஸ்’ மூன்றாண்டு முந்திக்கொண்டு வந்துவிட்டது. டூல் குழு தன் வரலாற்றில் செய்த ஒரே பிழை அவசரம். அடுத்த முறை அதைத் திருத்திக்கொண்டு, பிசகாமல் 13 காத்தார்கள். முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

அப்படியானால் அடுத்த இடைவெளி 21. மனிதரால் முடியாதது என்று யாரும் அஞ்ச வேண்டாம், முன்னோடி இருக்கிறார். ஜெனிசிஸ் குழுவிலிருந்து வந்த பீட்டர் கேப்ரியல் தன் சொந்தப் புதுப்பாடல் ஆல்பத்தை 2002இல் வெளியிட்டுவிட்டு, அடுத்ததை 2023இல் கொடுத்தார். அதையும் பௌர்ணமிக்கு ஒரு பாட்டாகக் கொடுத்து, அமாவாசைக்கு அதன் இன்னொரு வடிவத்தைக் கொடுத்தார். பஞ்சாங்கம் பார்த்து ஆல்பம் கேட்ட தலைமுறை அது. குறை சொன்னதாகத் தெரியவில்லை.

ஆக, டூலின் ஆறாம் ஆல்பத்துக்கு உரிய ஆண்டு 2040. அதற்கு முன் டேனி கேரி ஏதாவது பேட்டியில் ஏதாவது மாதம் சொன்னால் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்; சொன்ன நாள் ஏப்ரல் முதல் தேதியானால் அதுவும் வேண்டாம்.