ஆறங்குல வெள்ளைக் கோடு

எனக்கு நடைப்பயிற்சி என்றால் வீட்டு வாசலிலிருந்து பால் பூத் வரை. அதற்கும் வெயில் ஏறிவிட்டால் ஸ்கூட்டரை எடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் போன வருஷம் அரை லிட்டர் வெள்ளை பெயின்ட்டும் ஒரு பிரஷ்ஷுமாக வந்து நின்று, “கடற்கரைக்குப் பாதை போடப் போறேன்” என்றதும் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டை அடைச்சுக் கிடக்கே, அதை எப்பப் பாப்பீங்க?”

இதற்கெல்லாம் காரணம் அமெரிக்கா. மகளின் பிரசவத்துக்காக வர்ஜீனியா போயிருந்தோம். மனைவி பிள்ளைப்பேறு பார்க்கப் போனாள், நான் பெட்டி தூக்கப் போனேன். பெட்டியை இறக்கி வைத்தபின் எனக்கு அங்கே வேலை இல்லை. சுக்குக் கஷாயத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவே நான் தடுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை என்னைக் காட்டுக்குள் கூட்டிப் போனார்.

அப்பலாச்சியன் பாதை என்று பெயர். ஜார்ஜியாவில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் வரை, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. பென்டன் மெக்காய் என்பவர் 1921-ல் ஒரு கட்டுரை எழுதி யோசனை சொன்னாராம். 1937-ல் பாதை முழுசாகத் தயார். நானும் முப்பது வருஷமாகப் பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுகிறேன். தெருவிளக்கில் ஒரு பல்பு மாறியதில்லை.

அதைப் பராமரிப்பது ஏறத்தாழ முப்பது நடைக் கழகங்கள். ஆளுக்கு இத்தனை மைல் என்று பிரித்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் போன அன்று ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் மண்வெட்டியோடு குனிந்து நின்றார். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கட்டை பதித்திருக்கிறார்கள். மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் அதில் முட்டி, பக்கத்துச் சரிவில் ஒதுங்கிவிடும். அந்தக் கட்டைக்கு முன்னால் இலையும் சேறும் சேர்ந்தால் தண்ணீர் கட்டையைத் தாண்டி நேராக இறங்கும். இரண்டு மழையில் பாதை ஓடையாகிவிடும். அதனால் வருஷம் முழுவதும் சேற்றை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அம்மாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் புகைப்படம் எடுத்தேன்.

ஆனால் என்னை மயக்கியது அந்தச் சேறு இல்லை, பெயின்ட். வழி தவறாமல் இருக்க, மரத்துக்கு மரம் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. இதற்கு இடுப்பு வளைய வேண்டியதில்லை பாருங்கள்.

ஊர் திரும்பியதும் ராயபுரத்தில் இருக்கும் என் அக்கா மகனைப் பிடித்தேன். அவன் மலையேறுகிற பையன். 2008-ல் பீட்டர் வான் கெய்ட் என்ற பெல்ஜியக்காரர் ஆரம்பித்த சென்னை ட்ரெக்கிங் கிளப்பைப் பற்றி அவன் சொல்லித்தான் தெரியும். நாகலாபுரம் மலைக்கு நடக்கப் போனவர்கள், பிறகு சென்னைக் கடற்கரையில் குப்பை பொறுக்கவும் இறங்கினார்கள். அரசும் 2024-ல் 40 மலைப் பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது என்று பட்டியலைக் காட்டினான். ‘எளிது’ என்று போட்டிருந்ததைப் படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

“மலையெல்லாம் எதுக்குடா? காசிமேட்டிலேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கடலோரமா ஒரு நெடும்பாதை. நம்ம ஊர் அப்பலாச்சியன்” என்றேன்.

“மாமா, அங்க பாதை இல்ல. கல்லுதான் இருக்கு.”

உண்மைதான். கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கல்லும், நடுநடுவே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவும், இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையும்தான் எங்கள் கடற்கரை. நான் கேட்கவில்லை. முதல் கட்டமாக எங்கள் தெருவிலிருந்து கடல் வரை என்று முடிவு செய்து, ஒரு விடியற்காலை நாலரை மணிக்குப் பதினோரு காம்பவுண்டுச் சுவரில் அளவு பிசகாமல் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

எங்கள் திருவொற்றியூரில் சுவரில் பெயின்ட் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதை நான் மறந்துபோனேன். எண்ணூர் சாலை அகலமானபோதும் சரி, 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வருவதற்கு முன்பும் சரி, முதலில் கோடுதான் வரும். பின்னால் ஜேசிபி வரும்.

ஏழு மணிக்குத் தெருவே வெளியே நின்றது. ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் பட்டா ஜெராக்ஸோடு வந்திருந்தார். கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்த ஒருவர், தன் துளசி மாடம் முழுசாகப் போகிறது என்றார். மீன் கூடையோடு வந்த அம்மா நின்று பார்த்து, “இன்னா சார், மெட்ரோகாரன் சந்துக்குள்ளயும் பூந்துட்டானா?” என்றது. நானும் கூட்டத்தில் நின்று, “யார் வேலையா இருக்கும்?” என்று கவலையோடு விசாரித்தேன்.

மனைவி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது.

அன்று முழுவதும் கம்பி பிரஷ்ஷும் டர்பன்டைனுமாகச் சுரண்டினேன். கண்டக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா மகன் தன் நண்பர்களோடு கடலோரம் குப்பை அள்ள வந்தபோது, மானம் போனவனுக்கு இனி என்ன என்று நானும் போனேன். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, இதே கரையில்தான் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். அப்போது நான் பத்து நிமிஷ தூரத்தில் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். “வாளியில அள்றானுங்க பாரு” என்று விமர்சனமும் செய்தேன்.

கல் இடுக்கில் நைலான் வலைத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். வலை அங்கேயே இருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, “இஸ்தா வராது சார். முடிச்சப் பாத்து அறு” என்று கத்தியால் நாலு இடத்தில் தொட்டார். பூமாலை மாதிரி வந்தது. ஃபைபர் போட்டை இறக்குவதற்கு இந்த இடத்தை அவர்கள் தினமும் ஒதுக்கித்தான் வைக்கிறார்களாம். அதாவது இங்கே பாதை இருந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்திருக்கிறார்கள். பெயின்ட்தான் இல்லை.

நான் இரண்டு மூட்டை அள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுவாரம் மொட்டை மாடி ஓட்டையையும் குத்திவிட்டேன். வேப்பிலைச் சேறும் ஒரு டென்னிஸ் பந்தும் வந்தன. வர்ஜீனியா அம்மாள் செய்ததும் இதுதானே என்று மனைவியிடம் சொன்னேன். “அவங்களுக்கு யாரும் ரெண்டு வருஷம் ஞாபகப்படுத்தியிருக்க மாட்டாங்க” என்றாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, தூண்டில் வளைவு பக்கம் இருப்போம். வருகிறவர்கள் கையுறையும், மழுங்காத கத்தி ஒன்றும் கொண்டுவாருங்கள். பெயின்ட் வேண்டாம்.